மலைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே

2019 ஜனவரி 2, புதன்கிழமை. பீர்மேட்டில் பனி இறங்கத் தொடங்கும் மாலை நேரம். அன்றைய கணக்கை முடித்துவிட்டுக் கிளையிலிருந்து புறப்படும் வேளையில் தொலைக்காட்சிகளில் ஒரே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்று அதிகாலை இரண்டு பெண்கள் சபரிமலை சன்னிதானத்துக்குச் சென்று வந்ததைக் கண்டித்து, மறுநாள் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை கேரளம் முழுவதும் ஹர்த்தால்.

அடுத்த அரை மணி நேரத்தில் எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. முதலில் அழைத்தவர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய். அவருடைய மகனுக்கு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்திருந்தது. விமானச் சீட்டுக்கும் பிற செலவுகளுக்கும் எங்கள் கிளையில்தான் நகைக் கடன் பெற்றிருந்தார். மறுநாள் மாலை நெடும்பாசேரியிலிருந்து விமானம். "சார், நாளைக்கு வண்டி எதுவும் ஓடாதாமே. இன்னைக்கு ராத்திரியே பையனை அனுப்பிரட்டுமா?" என்று கேட்டார்.

இரண்டாவதாக அழைத்தவர், தம் வீட்டின் மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் மலையாளி வாடிக்கையாளர். அவரிடம் சென்னையைச் சேர்ந்த நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. அவர்களுக்கும் மறுநாள் நண்பகல் நெடும்பாசேரியிலிருந்து சென்னைக்கு விமானம். "விமானம் ரத்தாகவில்லையே, காலையில் கிளம்பினால் போதாதா" என்று அவர்கள் கேட்பதாகச் சொன்னார்.

இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: இன்றிரவே மலையிறங்கிவிடுவது நல்லது. தாய் அதை ஏற்றார். ஒன்பது மணிக்கு ஜீப் புறப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் விமான நிலையத்தை அடைந்த இளைஞன், உள்ளே அனுமதிக்கும் நேரம் வரும்வரை வெளிக்கூடத்தில் பெட்டியின் மீது தலைசாய்த்துக் காத்திருந்தான். மறுநாள் மாலை அவன் விமானம் ஏறினான்.

சென்னைக் குடும்பமோ தயங்கியது. குழந்தைகள் உறங்கிவிட்டனர், அன்றிரவு வாடகையும் கொடுத்தாகிவிட்டது. விமான நிறுவனத்தின் செயலியும் விமானம் உரிய நேரத்தில் புறப்படும் என்றே காட்டியது. காலையில் அவர்கள் புறப்பட்ட கார், மலையிறங்கி ஓர் ஊரின் நாற்சந்தியில் நிறுத்தப்பட்டது. விமானச் சீட்டைக் காட்டியும் வழி கிடைக்கவில்லை. ஓட்டுநர் அதற்கு மேல் செல்ல அஞ்சித் திரும்பிவிட்டார். விமானம் உரிய நேரத்தில் நான்கு வெற்று இருக்கைகளுடன் பறந்தது.

ஒரே மலை, ஒரே விமான நிலையம், ஒரே நாள். இடையில் இருந்த வேறுபாடு ஓர் இரவின் உறக்கம் மட்டுமே. இதில் விமான நிறுவனத்தின் மீது குறை சொல்ல எதுவுமில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. விமானம் பறந்தது; பாதைதான் மூடியிருந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழப்பை யார் ஏற்பது என்பதைப் பயணம் மேற்கொள்ளும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இரு வாசல் கொண்ட மலை

இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. பயணிகள் விமான நிலையமும் கிடையாது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்னுமிடத்தில் தேசிய மாணவர் படையின் பயிற்சிக்கென ஒரு சிறு ஓடுதளம் உண்டு. 2022 டிசம்பரில் அங்கே ஒரு சிறு பயிற்சி விமானம் வெற்றிகரமாக இறங்கியது. ஆனால் அது பொதுமக்களின் பயணத்துக்கு உரியதன்று. ஆகவே பீர்மேட்டிலிருந்து வானம் ஏற விரும்புவோர் முதலில் மலையிறங்கியாக வேண்டும்.

இறங்குவதற்கு இரண்டு வாசல்கள் உள்ளன. மேற்கே இறங்கினால் குட்டிக்கானம், முண்டக்கயம், தொடுபுழா, மூவாற்றுப்புழா வழியாக நெடும்பாசேரியிலுள்ள கொச்சி விமான நிலையம். கிழக்கே சென்றால் வண்டிப்பெரியாறு, குமுளி, கம்பம், தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரை விமான நிலையம். இரண்டுக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஒரு வாசல் கேரளத்தின் பொதுவாழ்வைச் சார்ந்தது. மற்றொன்று தமிழகத்தின் பொதுவாழ்வைச் சார்ந்தது. ஒன்று அடைபட்ட நாளில் மற்றொன்று பெரும்பாலும் திறந்திருக்கும். அந்த ஜனவரி நாளில் சென்னைக் குடும்பம் விடியுமுன் குமுளியைக் கடந்திருந்தால், மதுரையிலிருந்து தொடர்வண்டியிலேனும் அன்றிரவே ஊர் நோக்கிப் புறப்பட்டிருக்கலாம். அந்த வழி உண்டு என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

எனினும் இரண்டாம் வாசலும் எப்போதும் திறந்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை குறித்த போராட்டங்கள் இரு மாநிலங்களிலும் மூண்டபோது, எல்லையான குமுளியே அடைபட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் திரளாக எல்லை நோக்கிச் சென்றனர். இரு புறமும் தடையுத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. சபரிமலைப் பருவத்தில் குமுளி வழியாகச் செல்ல வேண்டிய பக்தர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. லோயர் கேம்ப் மலைப்பாதையைத் தினமும் கடந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்து போகும் தொழிலாளர்கள் கூலியிழந்தனர். அப்போதைய பயணிகளுக்குக் கொச்சி வாசல் மட்டுமே மிஞ்சியது.

விமான நிலையமே அடைபடும் போது

பாதை மூடுவது ஒரு வகை. விமான நிலையமே போராட்டக் களமாவது இன்னொரு வகை. 2018 நவம்பர் 16 அன்று கொச்சி விமான நிலையம் இதைக் கண்டது. சபரிமலை செல்லும் நோக்குடன் புனேயிலிருந்து அதிகாலையில் வந்திறங்கிய பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் திருப்தி தேசாயும் உடன் வந்தவர்களும் வெளியேற முடியாதபடி, வாயிலில் எதிர்ப்பாளர்கள் கூடி நின்றனர். அவர்களை ஏற்றிச் செல்ல வாடகைக் கார் ஓட்டுநர்கள் மறுத்தனர். ஏறத்தாழ 14 மணி நேரம் முனையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, அன்றிரவு அவர்கள் திரும்பிச் சென்றனர். மறுநாளான நவம்பர் 17 அன்று, இந்துத் தலைவர் ஒருவரின் கைதைக் கண்டித்து விடிவதற்குள் அறிவிக்கப்பட்ட ஹர்த்தாலில் மாநிலமே நின்றது. இரவு உறங்கச் சென்றவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோதுதான் அன்று ஹர்த்தால் என்பதே தெரிந்தது.

உலக அளவில் இதனினும் பெரிய நிகழ்வுகள் உண்டு. சுற்றுலாவை நம்பி வாழும் தாய்லாந்தில் 2008 நவம்பர் 25 அன்று அரசியல் போராட்டக்காரர்கள் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தைக் கைப்பற்றினர். நகரின் மற்றொரு விமான நிலையமான டான் முவாங்கும் மூடப்பட்டது. டிசம்பர் 2 அன்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆளுங்கட்சியைக் கலைத்துத் தீர்ப்பளித்த பின்னரே முற்றுகை விலகியது. அதுவரை ஒரு வாரத்துக்கு மேலாக லட்சக்கணக்கான பயணிகள் தவித்தனர். பலர் தொலைவிலுள்ள உ-தபாவ் கடற்படை விமானத் தளத்துக்குச் சென்று அங்கிருந்து நாடு திரும்பினர். அண்மையில் 2025 செப்டம்பர் 9 அன்று நேபாளத்தில் இளைஞர் போராட்டம் உச்சமடைந்தபோது காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் மாலையில்தான் மீண்டும் இயங்கியது. இந்தியச் சுற்றுலாப் பயணிகள் பலர் அங்கே சிக்கிக்கொண்டனர்.

இந்த இரு வகைகளையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். பயணியின் உரிமை எந்த வகை என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சட்டம் தரும் நிழல்

'பந்த்' என்ற பெயரில் மக்களைக் கட்டாயப்படுத்தி வாழ்வை முடக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1997-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பின் 'ஹர்த்தால்' என்ற சொல் பெருவழக்காயிற்று. கடையைத் தாமே மூடித் துயரத்தையோ எதிர்ப்பையோ காட்டுவது என்பது அச்சொல்லின் பொருள். நடைமுறையில் வேறுபாடு பல நேரங்களில் பெயரளவிலேயே நின்றது. பால், பத்திரிகை, மருத்துவமனை ஆகியவற்றுக்கும் விமான நிலையப் பயணிகளுக்கும் விலக்கு உண்டு என்று அறிவிப்பார்கள். 'ஏர்போர்ட்' என்று தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிச் செல்லும் கார்களை ஹர்த்தால் நாட்களில் காணலாம். அந்தத் தாள் சில சந்திப்புகளில் செல்லும். சில சந்திப்புகளில் செல்லாது.

2019 ஜனவரி 7 அன்று கேரள உயர் நீதிமன்றம், ஹர்த்தாலோ பொது வேலைநிறுத்தமோ அறிவிக்க ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஆணையிட்டது. பயணிகளுக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆயினும் 2022 செப்டம்பர் 23 அன்று முன்னறிவிப்பின்றி ஒரு ஹர்த்தால் நடந்தது. அதன் சேதத்துக்காக, அறிவித்த அமைப்பு 5.20 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீடு பின்னர் வரலாம். தவறவிட்ட விமானம் திரும்பி வராது. எதிர்ப்பைத் தெரிவிப்பது குடிமக்களின் உரிமை. ஆனால் மக்களின் கோபம் நம் விடுமுறை நாட்களைப் பார்த்து வருவதில்லை. சட்டம் நிழல் தரும் என்பதற்காகக் குடையை வீட்டில் விட்டுச் செல்வது அறிவுடைமை ஆகாது.

யாருடைய இழப்பு?

இந்தியாவில் விமானப் பயணிகளின் உரிமைகளை டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்துள்ளது. இதில் வாடிக்கையாளர்கள் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால், காரணம் எதுவாயினும் மாற்று விமானமோ முழுப் பணமோ பெறும் உரிமை பயணிக்கு உண்டு. போராட்டத்தால் ரத்தானாலும் இந்த உரிமை மாறாது.

இரண்டாவது, உரிய முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் பயண நேரத்துக்கு ஏற்ப 5,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை உச்சவரம்புள்ள இழப்பீடும் விதிகளில் உண்டு. ஆனால் அரசியல் கொந்தளிப்பு, கலவரம், வேலைநிறுத்தம், இயற்கைப் பேரிடர் போன்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்கு இந்த இழப்பீடு பொருந்தாது. ஆகவே இத்தகைய நாட்களில் சீட்டின் பணத்தைக் கேட்கலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பயன் தராது.

மூன்றாவது, விமானம் பறந்து, பயணி மட்டும் வந்து சேரவில்லையெனில் அது 'வராத பயணி' என்றே பதிவாகும். சாலை மறியல் என்ற காரணம் கட்டணத்தை மீட்டுத் தராது. சென்னைக் குடும்பத்துக்கு நேர்ந்தது இதுவே.

நான்காவது, பலர் அறியாதது: வராத பயணியாக இருந்தாலும், 'பணம் திரும்பக் கிடைக்காது' என்ற நிபந்தனையுடைய சலுகைச் சீட்டாக இருந்தாலும், சீட்டில் அடங்கிய சட்டப்படியான வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணங்களையும் திரும்பப் பெறும் உரிமை உண்டு. நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. சென்னைக் குடும்பம் ஊர் திரும்பிய பின் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றது. நான்கு சீட்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கையில் அது ஒதுக்கித் தள்ளும் தொகையன்று.

அந்தக் குடும்பம் இன்னொன்றும் செய்திருக்கலாம். கார் நாற்சந்தியில் நின்றபோது விமானம் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அந்த இடைவேளையில் செயலி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ பயணத் தேதியை மாற்றியிருந்தால், மாற்றுக் கட்டணம் போக மீதிப் பணத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடும். பதற்றத்தில் எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

மலையில் இருப்பவர்களின் கணக்கு

பயணியின் இழப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். மலையில் இருப்பவர்களுக்கு அது மாதக்கணக்கில் நீளும். 2018-ஐ இங்குள்ளோர் மறக்க மாட்டார்கள். மூணாறில் குறிஞ்சி பூக்கும் ஆண்டு என்பதால் பெரும் கூட்டத்தை எதிர்பார்த்து, அறைகளைப் புதுப்பிக்கவும் ஜீப் வாங்கவும் பலர் கடன் பெற்றிருந்தனர். ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடப்பட்டிருந்தது. மலைச்சாலைகள் சரிந்தன. ஓணம் கழிந்து, கிறிஸ்துமஸ் காலத்திலாவது மீளலாம் என்று காத்திருந்தபோது அக்டோபர் முதல் ஜனவரி வரை அடுத்தடுத்து ஹர்த்தால்கள். ஜனவரி 8, 9 ஆகிய இரு நாட்களும் அகில இந்தியப் பொது வேலைநிறுத்தம்.

தேக்கடியில் படகுச் சீட்டு வாங்க வரிசை இல்லை. குமுளியின் ஏலக்காய், மிளகுக் கடைகளில் ஆள் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் தவணை மட்டும் தவறாமல் வந்துவிடும். கிளைக்கு வந்து, "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிர்றேன் சார்" என்று சொன்ன ஓட்டுநர்களின் முகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. சென்னைக் குடும்பம் மலைக்குத் திரும்பி வந்த அன்றிரவுக்கு, மாடி வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் எங்களிடம் ஒரு கடன் நிலுவை இருந்தது என்பதை நான் அறிவேன்.

சுற்றுலாவை நம்பித் தொழில் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு என் பரிந்துரை எளியது. நல்ல பருவத்தில் வரும் வருமானத்திலிருந்து குறைந்தது மூன்று தவணைக்கான தொகையைத் தொடர் வைப்பிலோ தனிச் சேமிப்புக் கணக்கிலோ ஒதுக்கி வையுங்கள். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறிய பின் அல்ல, தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தியுங்கள். முன்கூட்டிப் பேசும் வாடிக்கையாளருக்கு வழி காண்பது எங்களுக்கும் எளிது.

புறப்படுமுன்

மலைப்பகுதிக்கு விடுமுறைக்கு வருவோரும், மலையிலிருந்து விமானம் ஏறச் செல்வோரும் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

• விடுமுறையின் கடைசி இரவை மலையில் அல்ல, விமான நிலையத்துக்கு அருகில் கழிக்குமாறு திட்டமிடுங்கள். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு இது கட்டாயம்.

• இரண்டாம் வாசலை முன்பே அறிந்து வையுங்கள். கொச்சி இயலாவிடில் மதுரை. மதுரை இயலாவிடில் கொச்சி.

• சாலையில் நின்றுவிட்டால், விமானம் புறப்படும் நேரத்துக்கு முன்பே பயணத்தை மாற்றுங்கள் அல்லது ரத்து செய்யுங்கள். 'வராத பயணி' ஆகிவிடாதீர்கள்.

• சீட்டுக்கான பணத்தை அட்டை வழியாகச் செலுத்துங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் ரத்தான விமானத்தின் பணம் 7 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும். வராவிடில் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலுடன் உங்கள் வங்கியில் தகராறு மனு அளிக்கலாம். மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் பதியலாம்.

• பயணக் காப்பீடு எடுப்பதானால் சீட்டு வாங்கும்போதே எடுங்கள். போராட்டம் அறிவிக்கப்பட்ட பின் எடுக்கும் காப்பீடு, 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு' என்ற அடிப்படையில் பெரும்பாலும் பயன் தராது. வேலைநிறுத்தமும் கலவரமும் அதில் அடங்குமா என்பதைப் படித்துப் பாருங்கள்.

• இரண்டு நாள் செலவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும். ஹர்த்தால் நாளில் கடை திறந்திருந்தாலும் ஏடிஎம்மில் பணம் இருக்கும் என்பது உறுதியில்லை. மலையில் கைப்பேசி அலைவரிசையும் அப்படியே.

• வெளிநாடு செல்வோர், புறப்படுமுன் அட்டையில் பன்னாட்டுப் பயன்பாட்டை இயக்கி, உச்சவரம்பையும் அமைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி புதிய அட்டைகளில் இந்த வசதி வாடிக்கையாளர் இயக்கினால்தான் செயல்படும். காத்மாண்டு போன்ற சூழலில், ஊர் திரும்பும் சீட்டை அங்கிருந்தே வாங்க இது உதவும்.

அந்தத் தாய் ஓராண்டுக்குப் பின் கிளைக்கு வந்தார். மகன் அனுப்பிய பணத்தில் நகையை மீட்டுக்கொண்டு, உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்த ஜனவரி இரவைப் பற்றி நான் நினைவூட்டினேன்.

"அன்னைக்கு நானும் தூங்கல, அவனும் தூங்கல சார். ஆனா விடியும்போது அவன் அங்க இருந்தான்," என்றார்.